ஏற்காடு போய்வந்தும் தீராத களைப்பு: தற்பேணலும் மீள்திறனும் குறித்த ஓர் அறிமுகம்

சேலத்தில் ஒருவர் தொடர்ந்து களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், அருகில் இருப்பவர் பெரும்பாலும் சொல்லும் மருந்து, "ஒரு ஞாயித்துக்கெழம ஏற்காடு போயிட்டு வாங்க" என்பதே. அந்த அறிவுரையில் உண்மை உண்டு. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தை அடையும்போது, நகரத்தைவிட வெப்பம் ஏழெட்டு டிகிரி குறைந்திருக்கும். மலைச்சரிவுகளில் காபிச் செடிகளுக்கு நிழல்தரும் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் கண்ணை நிறைக்கும். அங்கே கழிக்கும் ஒரு பகல் யாருக்கும் நல்லதுதான். ஆயினும், திங்கட்கிழமை காலையில் பட்டறையிலோ அலுவலகத்திலோ அமர்ந்த சிறிது நேரத்திலேயே பழைய களைப்பு திரும்பிவிடுகிறது என்று பலரும் வருந்துகிறார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை கிடைக்கும் ஓய்வைக்கொண்டு, நாள்தோறும் சேரும் தேய்மானத்தை ஈடுசெய்ய உடலால் முடிவதில்லை என்பதே இதற்குக் காரணம். தற்பேணல், மீள்திறன் என்று இன்று பரவலாகப் பேசப்படும் இரு கருத்துகளையும் இந்த இடத்திலிருந்து தொடங்கினால் எளிதாக விளங்கிக்கொள்ளலாம்.

தனிமனிதர்களும் குடும்பங்களும் சமூகங்களும் தங்கள் நலத்தை வளர்க்கவும், நோயைத் தடுக்கவும், வந்த நோயையும் உடற்குறையையும் சமாளிக்கவும், மருத்துவப் பணியாளரின் துணையோடோ துணையின்றியோ செயல்படும் திறனையே உலகச் சுகாதார நிறுவனம் தற்பேணல் என்று வரையறுக்கிறது. இந்த வரையறையில் குடும்பமும் சமூகமும் இடம்பெற்றிருப்பதையும், மருத்துவரின் துணையை நாடுவது விலக்கப்படாமல் இருப்பதையும் வாசகர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். மீள்திறன் என்பதோ, இழப்பும் நோயும் கடனும் ஒருவரை நிலைகுலையச் செய்தபின், அவர் காலப்போக்கில் மீண்டும் உண்டு, உறங்கி, உழைத்து, பிறரோடு கலந்து வாழத் தொடங்கும் ஆற்றலாகும். அடிபட்டும் கலங்காதவரையே உறுதியானவர் என்று நாம் போற்றிப் பழகிவிட்டோம். கலங்கியவர் எவ்வாறு திரும்பி வருகிறார், அவர் திரும்பி வருவதற்கு எவையெல்லாம் துணைசெய்கின்றன என்பதே இங்கு நமக்கு வேண்டிய கேள்வி.

நெருக்கடியின்போது உடலில் நடப்பது

மலைப்பாதையின் ஒரு வளைவில் எதிர்பாராமல் ஒரு லாரி நேரெதிரே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இருசக்கர வாகனத்தில் செல்பவர் சிந்திக்கும் முன்பே அவருடைய கை பிரேக்கை அழுத்தியிருக்கும். மூளையிலிருந்து நரம்புகள் வழியாகச் செல்லும் ஆணையால் சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் அட்ரீனலினை வெளிவிடுகின்றன, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்கின்றன, தசைகளுக்கு இரத்தம் பாய்கிறது, செரிமானம் மந்தமாகிறது. சில நிமிடங்களில், மூளையின் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி சுரப்பி ஆகியவற்றின் தூண்டுதலால் கார்ட்டிசால் என்னும் இயக்குநீரும் இரத்தத்தில் கூடி, தேவையான சர்க்கரையைத் தொடர்ந்து கிடைக்கச் செய்கிறது. லாரி கடந்துபோனதும் இவையெல்லாம் படிப்படியாக அடங்குகின்றன. இதில் குறை ஒன்றும் இல்லை. இந்த ஏற்பாடு இல்லாமல் மனிதர் உயிர்பிழைத்திருக்க முடியாது.

மான்ட்ரியாலில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே 1936-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட ஒரு சிறு குறிப்பில், எலிகளுக்குக் குளிர், காயம், நச்சு என எத்தகைய தீங்கு நேர்ந்தாலும் உடல் ஏறத்தாழ ஒரேவகை மாற்றங்களைக் காட்டுவதையும், தீங்கு நீடித்தால் அந்த உடல் இறுதியில் தளர்ந்துபோவதையும் பதிவுசெய்தார். பல ஆண்டுகளுக்குப் பின், நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புரூஸ் மெக்ஈவன் இந்தக் கருத்தை மேலும் தெளிவாக்கினார். நெருக்கடிக்கு ஈடுகொடுக்கும் முயற்சியே உடலில் ஒரு தேய்மானத்தை ஏற்படுத்துகிறது என்றும், அந்தச் சுமை சேரும் வழிகள் பல என்றும் அவர் 1998-இல் விரிவாக எழுதினார்.

அவர் சொன்ன வழிகளை நம் ஊர் வாழ்க்கையில் எளிதாக அடையாளம் காணலாம். ஓர் அதிர்ச்சி அடங்குமுன் அடுத்தது வந்துகொண்டே இருப்பது ஒரு வழி: ஐந்து ரோடு நெரிசலில் நாள்முழுதும் பேருந்து ஓட்டுபவரின் நிலை அது. ஒரே நிகழ்ச்சி பலமுறை நேர்ந்தும் உடல் அதற்குப் பழகாமல் ஒவ்வொரு முறையும் முதல்முறைபோலவே பதறுவது மற்றொரு வழி: வாரத் தவணை வசூலிக்க வருபவரின் வண்டிச் சத்தம் தெருவில் கேட்கும்போதெல்லாம் நெஞ்சு படபடக்கும் பெண்ணின் நிலை அது. நிகழ்ச்சி முடிந்தபின்னும் உடல் அடங்காமல் விழித்தே இருப்பது இன்னொரு வழி: படுக்கையில் கிடக்கும் தந்தையின் இருமலுக்குக் காதைக் கொடுத்தபடி இரவெல்லாம் அரைத்தூக்கத்தில் கிடக்கும் மகளின் நிலை அது. இந்த மூவருக்கும் குறைவாக இருப்பது மன உறுதி என்று நாம் சொல்லிவிட முடியாது. மூவருக்கும் உடல் அடங்கி மீள்வதற்கான இடைவெளி கிடைக்கவில்லை. இடைவெளியின்றி நீடிக்கும் இந்த நிலை இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உறக்கத்தையும் மனநிலையையும் ஒருசேரக் கெடுக்கிறது.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையின் காபித் தோட்டங்களில் இதற்கு ஒப்பான ஒன்றைக் காணலாம். அரபிக்கா வகைக் காபிச் செடியின் பூமொட்டுகள் மழைக்காலத்துக்குப் பின் உருவாகி, வறண்ட மாதங்களில் உறங்கியபடி காத்திருக்கின்றன. அந்த வறட்சி மொட்டுகளுக்குத் தேவைதான். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை பெய்தால் ஒன்பது பத்து நாள்களில் மலை முழுவதும் வெள்ளைப் பூக்கள் விரிந்துவிடும். ஆனால் மழை வராமல் வறட்சி நீண்டுகொண்டே போனால் மொட்டுகள் கருகி உதிரும். ஆகையால், வசதியுள்ள தோட்டக்காரர்கள் வானத்தை மட்டும் நம்பியிராமல், தெளிப்பான் அமைத்து உரிய நாளில் நீர் பாய்ச்சுகிறார்கள். மனிதருக்கும் ஓரளவு நெருக்கடி கேடு செய்வதில்லை. அதற்குப் பின் வரவேண்டிய நீரை நாமே திட்டமிட்டுப் பாய்ச்சிக்கொள்வதற்குத்தான் தற்பேணல் என்று பெயர்.

முதலில் உறக்கம்

எங்கே தொடங்குவது என்று கேட்பவருக்கு என் பதில் உறக்கம் என்பதே. மற்றப் பயிற்சிகள் எல்லாம் உறக்கம் இல்லாத உடலில் பாதிப் பயனே தருகின்றன. வளர்ந்தவர்களுக்கு ஒரு நாளில் ஏழு மணி நேரமாவது உறக்கம் வேண்டும். கார்ட்டிசால் இயல்பாகவே நள்ளிரவை ஒட்டித் தாழ்ந்து, விழித்த அரை மணி நேரத்தில் உச்சத்தை எட்டும் ஒழுங்குடையது. இந்த ஒழுங்கை நடத்தும் உட்கடிகாரத்தைச் சூரிய ஒளிதான் நாள்தோறும் சரிப்படுத்துகிறது. ஆகவே, இரவில் எப்போது படுப்பது என்பதைக் காட்டிலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்து, வாசலிலோ மாடியிலோ சிறிது நேரம் வெளிச்சத்தில் நிற்பதை முதலில் வழக்கமாக்கிக்கொள்வது எளிது. இரவு உறக்கம் தானாகவே அதைப் பின்தொடர்ந்து ஒழுங்குக்கு வரத் தொடங்கும்.

மாலை ஆறு மணிக் காபியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபியைப் பயிரிடச் செய்த நாளிலிருந்து அது நம் பகுதியின் பயிராகவும் பழக்கமாகவும் இருந்துவருகிறது. அதைக் கைவிடச் சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் குடித்த கஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்கவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகிறது. ஆறு மணிக்குக் குடித்தவரின் இரத்தத்தில் பதினோரு மணிக்கும் பாதி மீதமிருக்கும். உறக்கம் வரவில்லை என்று வருந்துபவர், கடைசிக் காபியைப் பிற்பகல் இரண்டு மணிக்கு முன்பு வைத்துக்கொண்டு இரண்டு வாரம் பார்க்கலாம். மதுவின் நிலை வேறு. அது உறக்கத்தை விரைவாக வரவழைப்பதாகத் தோன்றினாலும், இரவின் பின்பாதி உறக்கத்தைத் துண்டு துண்டாக்கிவிடுகிறது. உடல்வலிக்கும் உறக்கத்துக்கும் என்று தொடங்கிய குடி, ஒருவரின் மீள்திறனைத்தான் முதலில் அரித்துத் தின்கிறது.

இரவு ஷிப்டில் உழைப்பவர்களுக்கு இந்த அறிவுரைகள் அப்படியே பொருந்தமாட்டா. அம்மாப்பேட்டையிலும் இளம்பிள்ளையிலும் விசைத்தறியில் விடியும்வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வருபவரின் உட்கடிகாரம், அவர் படுக்கும் நேரத்தில்தான் விழிப்புக்குத் தயாராகிறது. அவருக்கு வேண்டியது இருட்டான ஓர் அறை, சன்னலில் தடித்த துணி, பகல் வேளையில் அவரை யாரும் எழுப்பாத ஒரு வீட்டு ஒழுங்கு ஆகியவை. ஷிப்டு தொடர்கிற நாள்களில் படுக்கும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பதும், வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குட்டித்தூக்கம் போடுவதும் உதவும். இவற்றில் பாதி அவர் கையில் இருக்கிறது. மற்றப் பாதி வீட்டில் இருப்பவர்கள் கையில் இருக்கிறது. சன்னலை மூடி, மிக்சியை ஒரு மணி நேரம் தள்ளிப்போடும் மனைவியும், வாசலில் சத்தமில்லாமல் விளையாடும் பிள்ளையும் அவருடைய தற்பேணலில் பங்கேற்கிறார்கள்.

மூச்சு, நடை, மரம், எழுத்து

உறக்கத்துக்கு அடுத்தபடியாக, எந்தச் செலவும் இல்லாமல் உடனே தொடங்கக்கூடியது மெதுவான மூச்சு. நாம் மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும், வெளிவிடும்போது மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் செயலால் சற்று நிதானப்படுவதும் இயல்பு. ஆகையால், வெளிமூச்சை நீட்டினால் அடங்கும் பக்கத்துக்கு உடலைத் திருப்ப முடிகிறது. முதுகை நிமிர்த்தி அமர்ந்து, நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விட்டால், நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு மூச்சு வரும். சாதாரணமாக நாம் விடும் மூச்சில் இது பாதிக்கும் குறைவு. ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சுவிட வேண்டும். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்வது நல்லது. மூச்சைக் கவனித்து அமரும் பயிற்சி நம் மண்ணுக்குப் புதியதில்லை. அதை மருத்துவமனைக்குள் நாள்பட்ட வலியுடையவர்களுக்கு பல வாரப் பயிற்சியாக 1979-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் அமைத்தபின், உலகெங்கும் அதை ஆராய்ந்து பார்க்கும் வழக்கம் ஏற்பட்டது. கவலையையும் வலியின் துன்பத்தையும் அது ஓரளவு குறைக்கிறது என்பதே அந்த ஆய்வுகளின் பொதுவான முடிவு. அந்த 'ஓரளவு' என்னும் சொல்லை மறக்காமல் இருப்பவர்கள் ஏமாற்றம் அடைவதில்லை.

உடல் அசைவைப் பொறுத்தவரை, வளர்ந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான வேகத்தில் இயங்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்தது. வேர்க்காத வேகத்தில் கடைத்தெருவைச் சுற்றுவதைக் காட்டிலும், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில் அரைமணி நேரம் நடப்பது இந்தக் கணக்கில் சேரும். "நாள்பூரா ஒடம்ப வருத்தித்தானே பொழைக்கிறோம், தனியா எதுக்கு நடக்கணும்?" என்று உழைப்பாளிகள் கேட்பது நியாயமான கேள்வி. சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறையில் தரையில் குனிந்து அமர்ந்து, நெருப்பருகே சிறு வளையங்களைப் பற்றவைப்பவரின் கழுத்தும் தோளும் நாளெல்லாம் ஒரே நிலையில் இறுகிக் கிடக்கின்றன. வேலை கேட்கும் அசைவை உடல் செய்வதும், உடல் கேட்கும் அசைவை நாம் அதற்குக் கொடுப்பதும் ஒன்றாகா. மணிக்கு ஒருமுறை எழுந்து நின்று, கைகளை மேலே நீட்டி, தோள்களைச் சுழற்றி, பத்தடி நடந்து வந்து அமர்வதுகூட அவருக்கு ஒரு மீட்சிதான்.

பசுமையைப் பார்ப்பதால் என்ன நேர்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு இன்றும் எடுத்துக்காட்டாக நிற்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனை ஒன்றில் 1972-க்கும் 1981-க்கும் இடையே பித்தப்பை அறுவைச் சிகிச்சை பெற்ற நோயாளிகளின் குறிப்பேடுகளை ரோஜர் உல்ரிச் ஒப்பிட்டுப் பார்த்தார். சன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் இருந்த 23 பேரும், செங்கல் சுவர் தெரிந்த அறைகளில் இருந்த, மற்றவகையில் அவர்களுக்கு ஒத்த 23 பேரும் ஒப்பிடப்பட்டனர். மரங்களைப் பார்த்திருந்தவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள்; வலுவான வலிநிவாரணிகளைக் குறைவாக எடுத்துக்கொண்டார்கள். 1984-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த இந்த ஆய்வு சிறியதுதான். ஆனால் மருத்துவமனைக் கட்டடங்களைப் பற்றிய சிந்தனையையே அது மாற்றியது. சேலத்தில் வாழ்பவர்களுக்கு ஒரு நற்பேறு உண்டு: நகரின் பல வீடுகளின் மொட்டைமாடியிலிருந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். மலைக்குப் போக முடியாத ஆறு நாளும் மாடியேறிப் பத்து நிமிடம் அதைப் பார்த்து நிற்கலாம். அந்தப் பத்து நிமிடத்தில் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு வருவதுதான் இதில் கடினமான பகுதி.

மனத்தில் அடைந்துகிடப்பதை எழுதிப் பார்ப்பதும் ஒரு வழி. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்களை வருத்திய நிகழ்ச்சியைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்தவுடன் அவர்களுக்குத் துயரம் கூடியது; ஆனால் நிகழ்ச்சியையும் அது எழுப்பிய உணர்வுகளையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் சென்றது குறைந்தது. பின்னர் வந்த ஆய்வுகள் இந்தப் பயனைச் சிறிய அளவிலேயே உறுதிசெய்தன. இலக்கணமோ கையெழுத்தோ இதில் முக்கியமில்லை. எழுதியதை யாருக்கும் காட்ட வேண்டியதும் இல்லை, கிழித்தும் போடலாம். கொடிய நிகழ்ச்சி நடந்த அதே வாரத்தில் இதைத் தொடங்க வேண்டாம். எழுத எழுத நிலை மோசமானால் நிறுத்திவிட்டு ஒருவரிடம் பேசுவதே சரி.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். நேரத்துக்கு உண்பதும் போதிய நீர் அருந்துவதும் எல்லோரும் அறிந்தவை. ஆனால் பெண்களின் தீராத களைப்புக்கு மனத்தை மட்டும் காரணம் காட்டுவதில் ஓர் ஆபத்து உண்டு. 2019-21 காலத்தில் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. தைராய்டுக் குறைபாடும் சர்க்கரை நோயும்கூடக் களைப்பாகவே தலைகாட்டுகின்றன. மூச்சுப் பயிற்சி ஹீமோகுளோபினை உயர்த்தாது. பல வாரங்களாகக் களைப்பு நீங்காதவர்கள் முதலில் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது தற்பேணலின் மிக எளிய, மிகவும் புறக்கணிக்கப்படும் பகுதி.

மனிதர் துணை

மீள்திறனைப் பற்றிய ஆய்வுகளில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது ஹவாயின் கவாய் தீவில் நடந்த நீண்டகால ஆய்வு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் சச்சரவு, குடிப்பழக்கம், மனநோய் எனப் பல கேடுகள் ஒருசேரச் சூழ்ந்த வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர், நம்பிக்கையும் பொறுப்பும் அன்பும் உள்ளவர்களாகவே வளர்ந்தார்கள். அவர்களுடைய வாழ்க்கையைத் துருவிப் பார்த்தபோது திரும்பத் திரும்பத் தென்பட்ட ஒன்று, அவர்களை மாறாத அன்போடு பார்த்துக்கொண்ட ஒரு பெரியவராவது இருந்தார் என்பது. சிலருக்கு அது பாட்டி, சிலருக்கு அத்தை, மாமா, சிலருக்கு ஆசிரியர். மீள்திறன் ஒருவருடைய எலும்புக்குள் பிறவியிலேயே வைத்து அனுப்பப்படுவது என்ற எண்ணத்தை இந்த ஆய்வு பெரிதும் தளர்த்தியது. நம் வீட்டுக்கு வந்துபோகும் அக்கம்பக்கத்துப் பிள்ளை ஒன்றுக்கு அந்தப் பெரியவராக நாமும் இருக்கக்கூடும்.

துக்கத்திலிருந்து மீள்வதற்கு நம் வழக்கங்கள் செய்திருக்கும் ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடாமல் பங்காளிகளும் அக்கம்பக்கத்தாரும் சோறு கொண்டுவருகிறார்கள். துக்கம் விசாரிக்க வருபவர்கள் நடந்ததைக் கேட்கக் கேட்க, இழந்தவர் அதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அழுவதற்குத் தடை இல்லை. இவை எல்லாமே மனத்தை ஆற்றும் செயல்கள். ஆனால் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீடு சட்டென்று வெறிச்சோடுகிறது. உறவினர் அவரவர் ஊர் திரும்புகிறார்கள். கணவரை இழந்த பெண்ணுக்கு, வங்கிக் கணக்கும் வாரிசுச் சான்றிதழும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும் அப்போதுதான் வந்து சேர்கின்றன. உண்மையான தனிமை அப்போதுதான் தொடங்குகிறது. இரண்டாம் மாதத்திலும் நான்காம் மாதத்திலும் அந்த வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருபவர்கள் செய்வது பெரிய உதவி. அறிவுரை ஏதும் வேண்டியதில்லை, "சாப்டியா கண்ணு?" என்ற கேள்வியும், தாலுகா அலுவலகத்துக்குக் கூட வருகிறேன் என்ற ஒரு சொல்லும் போதும்.

ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழாவுக்குச் சேலமே திரள்வதையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கடனாலோ இழப்பாலோ ஒடுங்கிப்போனவர், தன் நிலையை யாருக்கும் விளக்கிச் சொல்லாமலேயே ஊரோடு ஊராக நிற்க அப்படிப்பட்ட நாள்கள் இடம்தருகின்றன. நம்பிக்கை உள்ளவருக்கு வழிபாடு தனியாக ஆறுதல் தரும்; அது இல்லாதவருக்கும் கூட்டத்தில் ஒருவராக நிற்பது தனிமையைக் குறைக்கும்.

தன்னைப் பேணுவது தன்னலம் என்ற தயக்கம், குறிப்பாக வீட்டுப் பொறுப்பைத் தாங்கும் பெண்களிடம் ஆழமாக இருக்கிறது. படுக்கையில் இருக்கும் மாமியாரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் ஒருசேரப் பார்த்துக்கொள்ளும் ஒருவருக்கு, நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள் என்ற அறிவுரை எரிச்சலைத்தான் தரும். நேரம் தானாக வராது. யாரிடமிருந்தாவது அதைக் கேட்டுப் பெற வேண்டும். "எனக்கு யாருமே ஒத்தாசை இல்ல" என்று பொதுவாக வருந்தும்போது கேட்பவருக்கு என்ன செய்வதென்று தெரிவதில்லை. "ஏங்க, ஏழு மணியிலிருந்து ஏழரை வரைக்கும் அம்மாவ நீங்க பாத்துக்குங்க, நான் மாடியில நடந்துட்டு வந்துர்றேன்" என்று நேரத்தையும் வேலையையும் குறிப்பிட்டுக் கேட்டால், மறுப்பது கடினம். அந்த அரைமணி நேரம் முதலில் சண்டையோடு வரலாம். ஒரு மாதம் தொடர்ந்தால் வீட்டின் வழக்கமாகிவிடும்.

இதோடு சேர்த்து இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்த விளக்கம் நேர்மையாக இராது. ஓய்வுநாள் இல்லாத வேலை, கட்டமுடியாத வட்டி, வீட்டுக்குள் அடிஉதை ஆகியவற்றை மூச்சுப் பயிற்சியால் சரிசெய்ய முடியாது. அத்தகைய இடங்களில் கூலியைக் கேட்பதும், சங்கத்தில் சேர்வதும், வன்முறைக்கு எதிராக 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழைப்பதும் தன்னைப் பேணும் செயல்களே. தாங்கிக்கொள்ளப் பழகுங்கள் என்று ஒருவருக்குச் சொல்வதற்கு முன், அவர் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார் என்பதைக் கேட்க வேண்டும்.

தொடங்குவதும், உதவி நாடுவதும்

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிடுகிறார்கள். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே நடக்கும் ஒரு பழக்கத்தோடு அதைச் சேர்த்துவிடுவது நல்லது. காலையில் பல் துலக்கியதும் மாடிக்குப் போவது, பட்டறையில் மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிட மூச்சு என்றவாறு அமைத்துக்கொண்டால் நினைவூட்டல் தேவைப்படாது. ஒருநாள் தவறினால் மறுநாள் தொடரலாம். பயன் தெரிகிறதா என்பதை மகிழ்ச்சியை வைத்து அளவிட வேண்டாம். இரவில் எத்தனை முறை விழிப்பு வருகிறது, பிள்ளைகளிடம் எரிந்து விழுவது குறைந்திருக்கிறதா, ஒரு சண்டைக்குப் பின் மனம் அடங்க முன்பைவிடக் குறைந்த நேரம் ஆகிறதா என்று பார்த்தால் உண்மை நிலை தெரியும்.

சோகமான மனநிலையோ, முன்பு பிடித்திருந்த எதிலும் நாட்டம் இல்லாத நிலையோ இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதியும் நீடித்து, அதனுடன் உறக்கமும் பசியும் மாறி, வேலை செய்ய முடியாமல் போனால், அது மனச்சோர்வு நோயாக இருக்கக்கூடும். அதற்குத் தற்பேணல் மட்டும் போதாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவப் பிரிவு இருக்கிறது. நேரில் செல்லத் தயங்குபவர்கள் ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநலச் சேவையை 14416 என்ற எண்ணில், கட்டணமின்றி, பகலிலும் இரவிலும், தமிழிலேயே அழைத்துப் பேசலாம். வாழ வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை. அன்றைக்கே அழைக்க வேண்டும், அருகில் இருப்பவரிடம் அன்றைக்கே சொல்ல வேண்டும். அதைக் கேட்பவரும் "சும்மா இரு, அப்படியெல்லாம் பேசாத" என்று வாயடைக்காமல், உடன் அமர்ந்து, அவரைத் தனியாக விடாமல், மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்தால், அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் மாற்றம் இல்லை என்று நிறுத்திவிடுபவர்களும், சற்றுத் தேறியதும் தாமாகவே விட்டுவிடுபவர்களும் பலர். தொடங்குவதையும் குறைப்பதையும் நிறுத்துவதையும் மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். அந்த வாரங்களில் உறக்கமும் நடையும் வெளிச்சமும் மனிதர் துணையும் மருந்தோடு சேர்ந்து வேலைசெய்யும்; மாத்திரை எடுத்துக்கொள்பவருக்கு அவற்றின் தேவை குறைந்துவிடுவதில்லை.